யாரிடம் கேட்பது? அரசமைப்பைத் தெருவிலிருந்து படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்கு

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, சமூக அறிவியல் புத்தகத்தில் குடிமையியல் கடைசியில்தான் இருக்கும். வரலாறு முடிந்து, புவியியல் முடிந்து, தேர்வு நெருங்கும் நேரத்தில் அதற்கு முறை வரும். குடியரசுத் தலைவருக்குக் குறைந்தது 35 வயது, மக்களவைக்கு 543 உறுப்பினர்கள் என்று வரிவரியாக ஒப்பித்து, மதிப்பெண் வாங்கி, கோடை விடுமுறையில் அத்தனையும் மறந்துபோகும். பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்திவருகிறேன். மறக்கும் பிள்ளைகள் மேல் எனக்குக் குறையில்லை. எங்கள் கற்பிக்கும் முறையில்தான் ஏதோ விட்டுப்போகிறது.

ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தால் இந்தப் பாடம் மறப்பதில்லை என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். "இதற்கு யாரிடம் கேட்பது?" என்பதுதான் அந்தக் கேள்வி. குழாயில் தண்ணீர் வரவில்லை, யாரிடம் கேட்பது? அவர் பதில் சொல்லவில்லை என்றால் அவருக்கு மேலே யார்? மேலே இருப்பவரே தவறு செய்தால்? ஊரில் தொடங்கி நாடு வரைக்கும் இந்தக் கேள்விகளுக்கு எழுதிவைத்த பதில்தான் இந்திய அரசமைப்புச் சட்டம். கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்து பாருங்கள். அவசரம் வேண்டாம். இரண்டு மாதம் ஆனாலும் சரி.

படி 1: நோட்டும் நடையும்

40 பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தில் மூன்று பத்தி வருமாறு கோடு போடுங்கள். முதல் பத்தியில் 'என்ன பார்த்தேன்', இரண்டாவதில் 'யார் பொறுப்பு', மூன்றாவதில் 'எப்படித் தெரிந்தது'. நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் கண்ணில் படும் பத்துப் பொருள்களை எழுதுங்கள். தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, சாக்கடை, பஸ், தபால் பெட்டி, ரேஷன் கடை, காவல் நிலையம், ரயில்வே கேட், கைப்பேசிக் கோபுரம், உங்கள் பள்ளிக்கூடம் என்று எதுவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது பத்திதான் முக்கியம். "அப்பா சொன்னார்" என்று எழுதினால் போதாது. கண்ணால் கண்ட சான்று வேண்டும். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூணிலோ அடிச்சுவரிலோ பெயின்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எந்த ஊராட்சி, எந்தத் திட்டம், எந்த ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று பெரும்பாலும் இருக்கும். தினமும் அதன் நிழலில் நின்று தண்ணீர் பிடிக்கும் பிள்ளைகள்கூட அந்த எழுத்தை ஒருநாளும் படித்ததில்லை என்பார்கள். பஸ்ஸின் பக்கவாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பெயர் இருக்கும். தபால் பெட்டியில் இந்திய அஞ்சல் துறையின் பெயர் இருக்கும். பள்ளிப் பெயர்ப்பலகையில் 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி' என்று இருந்தால் அந்தப் பெயருக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது.

ரேஷன் கடையில் கொஞ்சம் தடுமாறுவீர்கள். அங்கே வரும் அரிசியில் ஒரு பகுதி மத்தியத் தொகுப்பிலிருந்து இந்திய உணவுக் கழகம் வழியாக வருகிறது. ஆனால் கடையை நடத்துவது பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கம். குடும்ப அட்டையைத் தருவது மாநில அரசின் உணவுப் பொருள் வழங்கல் துறை. ஒரு கிலோ அரிசிக்குப் பின்னால் இரண்டு அரசுகள் நிற்கின்றன. தடுமாற்றம் வந்த பொருளுக்கு நேராக ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள்.

பத்தும் எழுதி முடித்ததும், 'யார் பொறுப்பு' என்ற பத்தியில் மூன்று வகைப் பதில்தான் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள்: ஊர், மாநிலம், ஒன்றியம் (நாடு முழுவதற்குமான டெல்லி அரசு). ரயில், தபால், ராணுவம், ரூபாய் நோட்டு, தொலைத்தொடர்பு எல்லாம் ஒன்றிய அரசிடம் இருக்கின்றன. காவல், மருத்துவமனை, விவசாயம் ஆகியவை மாநிலத்திடம் இருக்கின்றன. இந்தப் பங்கீடு அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்களாக இருக்கிறது. 1950இல் ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, இருவருக்கும் பொதுவான பட்டியலில் 47 இனங்கள் இருந்தன. கல்வி அப்போது மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976இல் 42ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. பள்ளி, கல்லூரி, நுழைவுத் தேர்வு பற்றித் தமிழ்நாட்டில் பெரியவர்கள் சூடாகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த விவாதத்தின் வேர் இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

படி 2: ஊரில் தொடங்குங்கள்

பாடப்புத்தகங்கள் பலவும் டெல்லியில் தொடங்கிக் கீழே இறங்கி வரும். நீங்கள் ஊரிலிருந்து மேலே ஏறுங்கள். பார்த்துப் பழகியதைப் படிப்பது எளிது.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு மூன்று அடுக்கு உண்டு: கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. நகரத்தில் இருந்தால் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றில் ஒன்று உங்கள் இடத்துக்குரியது. சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது, இந்தியாவிலேயே பழையது. ஆனால் உள்ளாட்சி கட்டாயம் இருந்தே ஆகவேண்டும் என்று அரசமைப்பு சொன்னது 1992இன் 73, 74ஆவது திருத்தங்களுக்குப் பிறகுதான். 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 வந்தது. தெருவிளக்கு, சாக்கடை, துப்புரவு, குடிநீர், ஊராட்சிச் சாலை ஆகியவை கிராம ஊராட்சியின் கடமைகள் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

இப்போது உங்கள் வார்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள். வீட்டுவரி ரசீதில் இருக்கும். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஊராட்சிச் செயலர் ஆகியோரின் பெயர்களை எழுதுங்கள். முதல் இருவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். செயலர் சம்பளத்துக்குப் பணிபுரியும் அலுவலர். இந்த வேறுபாடு மேலே போகப் போக எல்லா இடத்திலும் வரும். ஊராட்சி ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர், மாவட்டத்தில் ஆட்சியர், சென்னையில் தலைமைச் செயலாளர் ஆகிய மூவருமே அலுவலர்கள்தான். மாவட்ட ஆட்சியரைத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறோம் என்று எட்டாம் வகுப்பு வரைக்கும் நம்பியிருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கிராம சபை எப்போது கூடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்கள் முன்பிருந்தே உண்டு. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய இரண்டும் 2022இல் சேர்ந்தன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். சட்டமன்றத்துக்கு நாம் ஆள் அனுப்புகிறோம், கிராம சபையில் நாமே உட்கார்கிறோம். உங்களுக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை என்றாலும், அம்மாவுடனோ தாத்தாவுடனோ போய் ஓரமாக உட்கார்ந்து கவனியுங்கள். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டதா? கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வேண்டுமோ (குறைவெண் வரம்பு), அத்தனை பேர் வந்தார்களா? எத்தனை பெண்கள் பேசினார்கள்? தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கியது தீர்மானத்தைப் படித்துக் காட்டிய பிறகா, அதற்கு முன்பா? இந்த நான்கையும் நோட்டில் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குச் சில ஊர்களில் வருத்தமான பதில் கிடைக்கும். அதையும் உள்ளபடியே எழுதுங்கள்.

வருத்தம் தரும் இன்னொன்றும் உண்டு. உள்ளாட்சியின் பதவிக்காலம் 5 ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்பு தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் 2016இல் பதவிக்காலம் முடிந்த பிறகு ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் தொடங்கியது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். விளக்கு எரிந்திருக்கலாம், தண்ணீரும் வந்திருக்கலாம். ஆனால் "நாங்கள் வாக்களித்தோமே, பதில் சொல்லுங்கள்" என்று கேட்க மக்களுக்கு ஆள் இல்லாமல் போனது. இது சிறிய இழப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

உத்திரமேரூரைப் பற்றி இங்கே சொல்லாமல் போகமுடியாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு (ஊர் வேலைகளைக் கவனித்த குழுக்களுக்கு) ஆள் எடுத்த விதிகளை அவை விரிவாகச் சொல்கின்றன. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் மறுபடி நிற்கமுடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

பெருமையோடு நின்றுவிடாமல் ஒரு பயிற்சி செய்யுங்கள். உங்கள் தெருவில் உள்ள பெரியவர்கள் இருபது பேரின் பெயரை எழுதுங்கள். கல்வெட்டு விதிப்படி யார் நிற்கமுடியும் என்று பாருங்கள். 35 வயதுக்குக் கீழே இருப்பவர்களையும் 70 வயதைத் தாண்டியவர்களையும் அடியுங்கள். வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவர்களை அடியுங்கள். வேதம் படிக்காதவர்களை அடியுங்கள். அந்தச் சபை பிராமணர்களின் சபை என்பதால் மற்றவர்களை அடியுங்கள். பெண்களை அடியுங்கள். எங்கள் வகுப்பில் இதைச் செய்தபோது பெரும்பாலான நோட்டுகளில் ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. அதே பட்டியலை இன்றைய சட்டத்தோடு ஒப்பிடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்து 21 வயது ஆகியிருந்தால், சட்டம் சொல்லும் தகுதியின்மை எதுவும் இல்லாத வரை, ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம். இடங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை' என்ற பாடப்புத்தக வரியில் எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது தெரியும்.

படி 3: கரும்பலகையில் எழுதிய பெயர்கள்

சட்டமியற்றும் துறை, நிர்வாகத் துறை, நீதித்துறை என்று மூன்று துறைகளைப் படித்திருப்பீர்கள். ஏன் மூன்று? ஒன்றே எல்லாவற்றையும் செய்தால் வேலை சீக்கிரம் முடியாதா?

ஆசிரியர் வெளியே போகும்போது வகுப்புத் தலைவனிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு, "பேசுகிறவர்கள் பெயரை எழுதி வை" என்று சொல்வது நம் பள்ளிகளில் வழக்கம். அவன் எழுதுவான். ஒருமுறை பேசினால் பெயர். மறுபடி பேசினால் பக்கத்தில் 'அதிகம்'. இன்னும் பேசினால் 'மிக அதிகம்'. நண்பன் பேசினால் பெயர் வராது. நேற்று சண்டை போட்டவன் பென்சில் கேட்டாலும் பெயர் வந்துவிடும். 'பேசுவது' என்றால் என்ன என்பதை முடிவு செய்பவன் அவன். பிடிப்பவனும் அவன். குற்றவாளி என்று தீர்ப்பு எழுதுபவனும் அவன். மேல்முறையீடு கிடையாது. இந்த அநீதியை அனுபவிக்காத பிள்ளை தமிழ்நாட்டில் இருக்கமாட்டார்.

ஒரு வாரத்துக்கு இதை மாற்றிப் பார்க்க உங்கள் ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள். ஐந்து பேர் கூடி விதியை எழுதட்டும்: எது பேச்சு, எது பேச்சில்லை, என்ன தண்டனை என்று முன்கூட்டியே சுவரில் ஒட்டட்டும். வேறு இரண்டு பேர் அதைச் செயல்படுத்தட்டும். பெயர் எழுதப்பட்டவர் மறுத்தால், இந்த இரண்டு குழுவிலும் இல்லாத மூன்று பேர் இரு பக்கமும் கேட்டு முடிவு சொல்லட்டும். முதல் இரண்டு நாள் குழப்பமாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் எங்கள் வகுப்பில் ஒரு மாணவி, "பாடத்தில் சந்தேகம் கேட்பது பேச்சு ஆகாது என்று விதியில் எழுதவில்லையே" என்று எழுந்து கேட்டாள். நீதிபதிகளாக இருந்த மூவரும் விழித்தார்கள். விதி எழுதிய குழு மறுபடி கூடித் திருத்தம் கொண்டுவந்தது. சட்டத் திருத்தம் என்ற பாடத்தை நான் அதற்குப் பிறகு தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

இனி பெயர்களைப் பொருத்திப் பாருங்கள். விதி எழுதுவது, மாநிலத்தில் 234 பேர் கொண்ட சட்டமன்றம், நாட்டில் மக்களவையும் மாநிலங்களவையும் சேர்ந்த நாடாளுமன்றம். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேரும் மாநிலங்களவைக்கு 18 பேரும் போகிறார்கள். செயல்படுத்துவது, முதலமைச்சர் அல்லது பிரதமர் தலைமையிலான அமைச்சரவையும் அதன் கீழ் உள்ள அலுவலர்களும். தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம்.

வகுப்பறைப் பயிற்சிக்கும் நாட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நம் நாட்டில் அமைச்சர்கள் சட்டமன்றத்துக்கு உள்ளேயே உட்கார்கிறார்கள். பெரும்பான்மை ஆதரவு உள்ளவரே முதலமைச்சர் ஆகிறார், ஆதரவு போனால் பதவி போகும். அமைச்சர்கள் அளவுக்கு மீறிப் பெருகக்கூடாது என்று 2003இன் 91ஆவது திருத்தம் ஒரு வரம்பு வைத்தது: முதலமைச்சரையும் சேர்த்து, சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதம். 234க்கு எத்தனை பேர் வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 35 என்று வந்தால் சரி.

அமைச்சர்கள் அவைக்குள் இருப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. மற்ற உறுப்பினர்கள் அவர்களைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். அதற்கென்றே கேள்வி நேரம் இருக்கிறது. உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று கண்டுபிடித்துவிட்டு, அவர் அவையில் என்ன கேட்டார் என்று செய்தித்தாளில் ஒரு கூட்டத்தொடர் முழுக்கத் தேடுங்கள். திறப்பு விழாப் படங்கள் நிறையக் கிடைக்கும். கேள்வி கிடைத்தால் அதை வெட்டி நோட்டில் ஒட்டுங்கள்.

ஆளுநர், குடியரசுத் தலைவர் பற்றி ஒரு சொல். சட்டங்களும் ஆணைகளும் அவர்கள் பெயரால் வரும். ஆனால் பொதுவாக அமைச்சரவையின் அறிவுரைப்படியே அவர்கள் நடக்க வேண்டும். ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். குடியரசுத் தலைவரை நாடாளுமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

படி 4: இப்போது புத்தகத்தைத் திறக்கலாம்

அரசமைப்புச் சட்டம் தமிழில் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கிறது. தடித்த புத்தகம்தான். 1950இல் 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் இருந்தன, பிறகு கூடியிருக்கின்றன. சென்னை மாகாணத்திலிருந்து, அரசமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபைக்குப் போன அம்மு சுவாமிநாதன், அரசமைப்பு என்றால் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போகும் சின்னப் புத்தகமாக இருக்கும் என்று நினைத்திருந்ததாக அந்தச் சபையிலேயே சொன்னார். அவருடைய ஆசை நியாயமானது. அதனால் முழுவதையும் படிக்கச் சொல்லமாட்டேன். சிலவற்றை மட்டும் படியுங்கள்.

முதலில் முகவுரை. "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்கி, "நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்" என்ற கருத்தில் முடியும். நடுவில் வருவதை எல்லாம் பிறகு பார்க்கலாம். தருபவரும் பெறுபவரும் ஒருவரே என்பதை மட்டும் இப்போது கவனியுங்கள். முகவுரையின் இறுதியில் உள்ள தேதி 1949 நவம்பர் 26. அன்றுதான் சபை அரசமைப்பை ஏற்றது. நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. சபை முதன்முதலில் கூடியது 1946 டிசம்பர் 9. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு பிரிவாக எடுத்து விவாதித்தார்கள். வரைவுக் குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார், பின்னர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஆங்கிலப் பிரதியைப் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா கையால் எழுதினார், நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும் ஓவியம் தீட்டினார்கள். அந்த ஓவியங்களில் நம் மாமல்லபுரச் சிற்பக் காட்சியும் ஒன்று.

அடுத்து அடிப்படை உரிமைகளில் ஐந்து பிரிவுகள். பிரிவு 14, சட்டத்தின் முன் எல்லோரும் சமம். பிரிவு 17, தீண்டாமை ஒழிக்கப்படுகிறது, எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம். தேநீர்க் கடையில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைப்பதும் அந்த வடிவங்களில் ஒன்று. மற்ற உரிமைகளில் பலவற்றை அரசுக்கு எதிராகத்தான் கேட்கமுடியும். 17ஐக் கடைக்காரருக்கு எதிராகவும், பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராகவும் கேட்கலாம். இந்தப் பிரிவை மெதுவாக, இரண்டு முறை படியுங்கள். பிரிவு 21ஏ, 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. 2002இன் 86ஆவது திருத்தம் இதைச் சேர்த்தது, இதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பிரிவு 24, 14 வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் ஆபத்தான வேலையிலும் அமர்த்தக்கூடாது. உங்கள் வகுப்பில் திடீரென்று வராமல் போன நண்பர் வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தால் இந்த இரண்டு பிரிவுகளும் அவருக்காகத்தான் இருக்கின்றன. 1098 என்ற எண்ணில் குழந்தைகளே பேசலாம்.

ஐந்தாவது பிரிவு 32. மேலே சொன்ன உரிமைகள் மறுக்கப்பட்டால் நேரே உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம் என்கிறது அது. நம் கேள்விக்குக் கிடைக்கும் கடைசிப் பதில் இது. அரசமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் சொன்னது இந்தப் பிரிவைத்தான். பிரிவு 226இன்படி உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். சென்னை உயர் நீதிமன்றம் 1862இலிருந்து இருக்கிறது, தென் மாவட்டங்களுக்காக மதுரைக் கிளை 2004இல் வந்தது. வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற கவலை வந்தால், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தரவேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

51ஏ பிரிவில் உள்ள 11 கடமைகளையும் படித்துவிடுங்கள். அவற்றைத் தேர்வுக்காக வரிசை மாறாமல் ஒப்பிக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

படி 5: ஒரு வழக்கின் கதை

மூன்று துறைகளும் ஒன்றோடு ஒன்று எப்படிப் பேசுகின்றன என்பதை எடுத்துக்காட்டாமல் விளக்கமுடியாது. நம் மாநிலத்திலேயே ஒன்று இருக்கிறது.

அன்றைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பிரித்துக் கொடுக்கும் அரசாணை நடைமுறையில் இருந்தது. வகுப்புவாரி அரசாணை என்று அதற்குப் பெயர். அரசமைப்பு நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே செண்பகம் துரைராஜன் என்பவர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. 1951இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தமிழ்நாட்டில் போராட்டம் வெடித்தது. தீர்ப்பை யாரும் கிழித்துப் போடமுடியாது. ஆனால் தீர்ப்புக்கு அடிப்படையான சட்டத்தை மாற்ற வழி இருக்கிறது. அதே ஆண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றம் அரசமைப்பின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்கு அரசு தனி ஏற்பாடுகள் செய்யலாம் என்று 15(4) என்ற உட்பிரிவு சேர்ந்தது. ஒரு குடிமகள் கேட்டார், நீதிமன்றம் சொன்னது, மக்கள் மறுத்தார்கள், நாடாளுமன்றம் திருத்தியது. இந்த நான்கையும் நோட்டில் படமாக வரைந்து அம்புக்குறி போட்டு இணைத்துப் பாருங்கள்.

திருத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒவ்வோர் அவையிலும் இரண்டு சோதனைகளைத் தாண்டவேண்டும்: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல். மக்களவையில் 300 பேர் மட்டும் வந்து வாக்களித்தால் மூன்றில் இரண்டு பங்கு 200. அது போதுமா? போதாது. 543இல் பாதிக்கு மேல் என்றால் 272 வேண்டும். 480 பேர் வந்தால்? 320. சில பிரிவுகளை மாற்ற, மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதலும் வேண்டும். இத்தனையும் இருந்தாலும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது அதைத் தாங்கி நிற்கும் அடிப்படைக் கொள்கைகளை, சிதைக்கமுடியாது என்று 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7க்கு 6 என்ற கணக்கில் வந்த தீர்ப்பு. ஒரே ஒருவர் மாறியிருந்தால் நாட்டின் வரலாறே வேறாகியிருக்கும்.

படி 6: மனு எழுதுங்கள்

இதுவரை படித்தது உண்மையா என்று பார்க்க ஒரே வழி, கேட்டுப் பார்ப்பது. நோட்டைப் புரட்டி, சரியில்லாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே ஒன்று. மனுவில் ஐந்து குறைகளைச் சேர்த்தால் ஐந்தும் நிற்கும்.

அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற அமைப்பைத் தமிழ்ப் பாடத்திலேயே படித்திருக்கிறீர்கள். பெறுநர் சரியாக இருக்கிறாரா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. எங்கள் மாணவர்கள் பள்ளிக்குப் போகும் சந்தில் எரியாத இரண்டு தெருவிளக்குகளைப் பற்றி முதலில் எழுதிய மனு, மின்சார அலுவலகத்துக்குப் போனது. கம்பமும் கம்பியும்தான் எங்கள் பொறுப்பு, விளக்கைப் பொருத்துவதும் அதற்கான கட்டணம் கட்டுவதும் ஊராட்சி என்று அங்கே பொறுமையாக விளக்கினார்கள். முதல் பத்தியில் நட்சத்திரம் போட்டிருந்தால் அந்த ஒரு வாரம் வீணாகியிருக்காது.

'பொருள்' என்ற இடத்தில் கம்பத்தின் எண்ணை எழுதுங்கள். கம்பத்தில் பெயின்டில் இருக்கும். 'பல நாள்களாக' என்று எழுதாமல் எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்று குறிப்பிடுங்கள். அந்த வழியில் மாலையில் யார் யார் நடக்கிறார்கள் என்று ஒரு வரி சேருங்கள். கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். 'தயவுகூர்ந்து' என்று ஒரு முறை எழுதினால் போதும், நீங்கள் சலுகை கேட்கவில்லை. வாக்காளரான பெற்றோர் ஒருவரின் கையெழுத்தையும் வாங்குங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இந்தப் பழக்கம் வாழ்நாள் முழுக்க உதவும்.

பதில் வராவிட்டால் அடுத்த படி வட்டார வளர்ச்சி அலுவலர். அதற்கும் மேல், திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். இதற்கிடையில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ், "எங்கள் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன?" என்று பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பதைவிட, "எந்தத் தேதியில், எந்தக் கோப்பில், யார், என்ன எழுதினார்?" என்று ஆவணத்தைக் கேட்பதே பயன் தரும். பள்ளிக்குள்ளேயே உள்ள குறை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள்தான். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கக்கூடும்.

எங்கள் மாணவர்களின் மனு ஊராட்சிக்குப் போன பிறகு சந்தின் முதல் விளக்கு எரியத் தொடங்கியது. இரண்டாவது எரியவில்லை. கம்பத்துக்கு வரும் கம்பியே அறுந்திருக்கிறது என்று ஊராட்சியிலிருந்து சொன்னார்கள். ஆகவே இந்த முறை மின்சார அலுவலகம்தான் சரியான பெறுநர். அந்தப் புதிய மனுவின் முத்திரையிட்ட நகலை நோட்டின் பதினேழாம் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் 'பதில் வந்த தேதி' என்று ஒரு கட்டம் போட்டுக் காலியாக விட்டிருக்கிறார்கள். அக்டோபர் 2ஆம் தேதி வரைக்கும் அந்தக் கட்டம் நிரம்பாவிட்டால் கிராம சபையில் எழுந்து கேட்பதாக, கையெழுத்துப் போட்ட அம்மா ஒருவர் சொல்லியிருக்கிறார்.